மூக்கு மணத்தை எப்படி இனம் காண்கிறது? லிண்டா பக் கண்ட விடை

ஆக்டனால் என்று ஒரு வேதிப்பொருள். ஆக்டனாயிக் அமிலம் என்று இன்னொன்று. இரண்டிலும் எட்டு கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. வேறுபாடு நுனியில் மட்டும்தான்: முதலாவதில் ஆல்கஹால் தொகுதி, இரண்டாவதில் அமிலத் தொகுதி. காகிதத்தில் வரைந்து காட்டினால் வேதியியல் படிக்காதவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். மூக்குக்கோ துளியும் குழப்பம் இல்லை. முதலாவது ஆரஞ்சையும் ரோஜாவையும் நினைவூட்டும் இனிய மணம். இரண்டாவது, கெட்டுப்போன கொழுப்பின் புளித்த வாடை.

நுனியில் உள்ள இத்தனை சிறிய மாற்றத்தை உடல் எப்படிக் கண்டுகொள்கிறது? 1980களின் இறுதி வரை இதற்கு விடை தெரியாது. கண் பார்ப்பதும் காது கேட்பதும் எப்படி என்று பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கிக்கொண்டிருந்த காலத்தில், முகர்தல் பற்றிய அத்தியாயம் மெலிந்தே கிடந்தது. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுத வைத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க நரம்பியல் அறிஞர் லிண்டா பக். அவருடைய ஆய்வு வாழ்க்கையைப் பின்தொடர்ந்து சென்றாலே முகர்தலின் அடிப்படைகள் ஒவ்வொன்றாகப் புரிந்துவிடும். அவர் கேட்ட கேள்விகளின் வரிசை அப்படி அமைந்திருக்கிறது.

முதலில், இந்தக் கேள்வி ஏன் கடினமானது என்பதைப் பார்த்துவிடலாம். ஒளிக்கு அலைநீளம் உண்டு; ஒலிக்கு அதிர்வெண் உண்டு. ஒரே அளவுகோலின் மேல் எல்லா நிறங்களையும் நிறுத்தலாம், எல்லாச் சுரங்களையும் நிறுத்தலாம். அதனால்தான் மூன்றே வகைக் கூம்பு செல்களை வைத்துக்கொண்டு கண்ணால் அத்தனை நிறங்களையும் பிரித்தறிய முடிகிறது. மணத்துக்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை. மணம் தரும் மூலக்கூறுகள் அளவில், வடிவத்தில், மின்னூட்டத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்கும். அமைப்பில் முற்றிலும் வேறான இரண்டு மூலக்கூறுகள் ஒரே மாதிரி மணக்கலாம். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் கார்வோன் மூலக்கூறின் இரு வடிவங்களில் ஒன்று புதினா போலவும், மற்றது சீமைச் சோம்பு போலவும் மணக்கும். இத்தனைக்கும் இரண்டிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே பிணைப்புகள்.

மூக்கின் உள்ளமைப்பு ஓரளவு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மூக்குக் குழியின் உச்சியில், கண்களுக்கு இடையே உள்ள மட்டத்தில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் முகர்வுப் படலம் படிந்திருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு முனையில் மெல்லிய குறு இழைகளைக் கோழைக்குள் நீட்டிவைத்திருக்கிறது. மறுமுனையில் ஒரு நீண்ட நரம்பிழையை, மண்டை ஓட்டின் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியாக நேராக மூளைக்குள் அனுப்புகிறது. யோசித்தால் வியப்பாக இருக்கும்: வெளிக்காற்று வந்து மோதும் இடத்தில் ஒரு முனையும் மூளைக்குள் ஒரு முனையுமாக நிற்கும் நரம்பு செல்கள் இவை. அப்படி வெளியுலகின் தாக்குதலை நேரடியாக வாங்குவதால் அடிக்கடி அழிகின்றன; ஆனால் அடியில் இருக்கும் மூலச் செல்களிலிருந்து வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைத்துக்கொண்டும் இருக்கின்றன.

அந்தக் குறு இழைகளில் மணமூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் ஏதோ ஒரு புரதம் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அதற்கு ஏற்பி என்று பெயரும் இருந்தது. ஆனால் யாரும் அதைக் கண்டதில்லை. எல்லா மணத்தையும் சுமாராகப் பற்றும் சில ஏற்பிகளா, அல்லது ஒவ்வொன்றும் சில மூலக்கூறுகளை மட்டும் பற்றும் பல நூறு ஏற்பிகளா என்பதுகூடத் தெரியாது.

இந்த இடத்துக்கு லிண்டா பக் வந்து சேர்ந்த வழி நேரானதல்ல. 1947-ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் பிறந்த அவர், முதலில் உளவியல் சிகிச்சையாளராக விரும்பினார். பிறகு விருப்பங்கள் மாறின. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலிலும் நுண்ணுயிரியலிலும் இளங்கலைப் பட்டம் பெற்றபோது ஆண்டு 1975, வயது 28. அடுத்து டாலஸில் நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம், 1980-இல். அதன் பிறகே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ரிச்சர்ட் ஆக்ஸலின் ஆய்வகத்தில் சேர்ந்து, கடல் நத்தை ஒன்றின் நரம்பு செல்களில் மூலக்கூறு உயிரியல் ஆய்வைத் தொடங்கினார். 1985-இல் மணம் அறிதல் பற்றிய ஓர் ஆய்வுக்கட்டுரை அவர் கண்ணில் பட்டது. அதுவரை முகர்தலைப் பற்றி அவர் பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை. அதைப் படித்ததும் அந்தப் புதிர் அவரைப் பிடித்துக்கொண்டது. கடல் நத்தை வேலையை முடித்துவிட்டு, 1988 முதல் ஏற்பிகளைத் தேடத் தொடங்கினார்.

நோயெதிர்ப்பியல் பின்னணி இங்கே வீண் போகவில்லை என்பது என் எண்ணம். முன்பின் கண்டிராத எண்ணற்ற அந்நிய மூலக்கூறுகளை, கைவசம் இருக்கும் மரபணுக்களைக் கொண்டே உடல் எப்படி இனம் காண்கிறது என்பதுதான் நோயெதிர்ப்பியலின் மையக் கேள்வி. மூக்கின் முன்னால் இருந்ததும் ஏறத்தாழ அதே கேள்வி.

ஏற்பிகளைத் தேடிய மற்றவர்களும் திறமைசாலிகளே. பக்கை வெற்றிபெற வைத்தது, தேடும் பொருளைப் பற்றி அவர் முன்கூட்டியே செய்துகொண்ட மூன்று ஊகங்கள். ஒன்று: மணம் பட்டதும் நரம்பு செல்லுக்குள் ஜி புரதம் என்ற ஒரு வகைப் புரதத்தின் வழியே சமிக்ஞை கடத்தப்படுகிறது என்பதற்கு 1980களின் நடுவிலிருந்தே சான்றுகள் கிடைத்து வந்தன. ஆகவே ஏற்பியும், செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் அந்த அறிந்த ஏற்பிக் குடும்பத்தின் உறவாக இருக்கலாம். இரண்டு: மணமூலக்கூறுகள் பலவிதம் என்பதால் ஏற்பிகளும் பலவிதமாக, ஆனால் ஒரே குடும்பச் சாயலில் இருக்க வேண்டும். மூன்று: அவை முகர்வுப் படலத்தில் மட்டும் உருவாக வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே தவறாகப் போயிருக்கக்கூடிய ஊகம்தான். ஆனால் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்து அவர் செய்ததைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்பது தகும். கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட பிசிஆர் முறை அப்போது புதிது. ஒரு டிஎன்ஏ துண்டின் இரு ஓரங்களும் தெரிந்தால், இடையில் இருப்பதைக் கோடிக்கணக்கில் நகலெடுத்துத் தரும் முறை அது. தெரியாத மரபணுவுக்கு ஓரங்கள் எப்படித் தெரியும்? ஏற்கெனவே அறிந்திருந்த ஏழுமுறை ஊடுருவும் ஏற்பிகளின் மரபணுக்களில் பொதுவாகக் காணப்படும் பகுதிகளை எடுத்து, கொஞ்சம் பிசகினாலும் ஒட்டிக்கொள்ளும்படி நெகிழ்வாக வடிவமைத்த ஓரத்துண்டுகளைப் பக் தயாரித்தார். எலியின் முகர்வுப் படலத்திலிருந்து எடுத்த மரபுப் பொருளில் அவற்றைப் பல இணைகளாகச் சேர்த்துப் பிசிஆர் செய்தார். எதிர்பார்த்த நீளத்தில் 64 துண்டுகள் கிடைத்தன.

இந்த 64-இல் எது வேண்டியது? இங்கேதான் இரண்டாவது ஊகம் கைகொடுத்தது. ஒவ்வொரு துண்டையும் டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் நொதியால் வெட்டினார். ஒரு துண்டில் ஒரே மரபணு இருந்தால், வெட்டிய பகுதிகளின் நீளங்களைக் கூட்டும்போது முழுத் துண்டின் நீளமே திரும்ப வர வேண்டும். பெரும்பாலானவற்றில் அப்படித்தான் வந்தது. 22 என்று எண்ணிட்ட துண்டில் மட்டும் கணக்கு உதைத்தது. வெட்டுப் பகுதிகளைக் கூட்டினால் முழுத் துண்டைப் போலப் பல மடங்கு வந்தது. அதாவது, வெளியிலிருந்து ஒரே துண்டாகத் தெரிந்தது உண்மையில் ஒரே நீளமுள்ள பல மரபணுக்களின் கலவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடங்களில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரே சாயலில் பல மரபணுக்கள், முகர்வுப் படலத்தில். தேடியது அதுதான். அறிவியல் வரலாற்றில் ஒரு கூட்டல் கணக்கு ஒத்துப்போகாமல் இவ்வளவு மகிழ்ச்சி தந்த தருணங்கள் அதிகம் இருக்காது.

1991-இல் 'செல்' இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்கள் இருவர் மட்டுமே: பக், ஆக்ஸல். அதில் 18 ஏற்பி மரபணுக்களை விவரித்திருந்தார்கள். குடும்பம் இன்னும் மிகப் பெரியது என்பதற்கும் சான்று காட்டியிருந்தார்கள். பின்னாளில் முழு மரபணுத்தொகுதிகள் வாசிக்கப்பட்டபோது எலிகளில் ஏறத்தாழ 1,000 ஏற்பி மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. மனிதரிடம் செயல்படும் நிலையில் இருப்பவை சுமார் 400. கிட்டத்தட்ட அதே அளவுக்கு, பரிணாமத்தில் பழுதாகிச் செயலிழந்த மரபணுக்களும் நம்மிடம் தங்கியிருக்கின்றன. மனிதருக்குப் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் மொத்தமே சுமார் 20,000 என்னும்போது, அவற்றில் ஐம்பதில் ஒன்று மூக்குக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாலூட்டிகளின் மிகப்பெரிய மரபணுக் குடும்பம் இதுதான். மோப்பம் அவ்வளவு முக்கியமில்லாத புலன் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நோயெதிர்ப்பு மண்டலம் தன் பன்முகத்தைப் பெறுவது மரபணுத் துண்டுகளை வெட்டி மாற்றி ஒட்டுவதன் மூலம். மூக்கு அப்படிச் செய்வதில்லை. முகர்வு நரம்பு செல் ஒன்றின் உட்கருவிலிருந்தே ஒரு முழுச் சுண்டெலியைக் குளோனிங் முறையில் உருவாக்கிக் காட்டினார்கள், 2004-இல். அந்தச் சுண்டெலியின் மூக்கில் எல்லா வகை ஏற்பிகளும் வழக்கம்போல இருந்தன. மரபணுக்கள் நிரந்தரமாக மாற்றியமைக்கப்படுவதில்லை என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

1991-இல் பக் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். ஏற்பிகள் கிடைத்துவிட்டன, ஆனால் அவற்றைக் கொண்டு மூளை எதைத் தெரிந்துகொள்கிறது? அடுத்த பத்தாண்டுகள் இந்தக் கேள்வியோடு கழிந்தன.

முதல் உண்மை: ஒரு நரம்பு செல்லில் ஒரே வகை ஏற்பிதான் இருக்கும். ஆயிரம் மரபணுக்கள் கைவசம் இருந்தாலும், ஒவ்வொரு செல்லும் ஒன்றைத் திறந்துவைத்து மற்றவற்றை மூடிவிடுகிறது. ஒரே ஏற்பியைக் கொண்ட செல்கள் படலத்தில் ஓரிடத்தில் கூடியிருப்பதில்லை. படலத்தில் தமக்கென உள்ள ஒரு மண்டலத்துக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

இரண்டாவது உண்மை அழகானது. சிதறிக் கிடக்கும் அந்தச் செல்களின் நரம்பிழைகள், மூளையின் முன்பகுதியில் உள்ள முகர்வுக் குமிழை அடையும்போது, வகைவாரியாகப் பிரிந்து, ஒரே ஏற்பியைச் சேர்ந்தவை எல்லாம் ஒரே சில முடிச்சுகளில் வந்து குவிகின்றன. இந்த முடிச்சுகளுக்குக் குளோமெருலஸ் என்று பெயர். 1994-இல் பக்கின் குழுவும் ஆக்ஸலின் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டறிந்தன. மூக்கில் சிதறலாக இருந்த செய்தி, குமிழில் ஒழுங்கான வரைபடமாகிவிடுகிறது. எந்த முடிச்சுகள் எரிகின்றன என்று பார்த்தாலே எந்த ஏற்பிகள் தூண்டப்பட்டன என்று மூளைக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் நடுநாயகம். 1999-இல் பக்கும், பெட்டினா மால்னிக்கும், ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவரும் சேர்ந்து சுண்டெலியின் தனித்தனி நரம்பு செல்களை எடுத்தார்கள். கால்சியத்தின் அளவு கூடும்போது ஒளிர்வு மாறும் சாயத்தை அவற்றில் ஏற்றினார்கள். பிறகு ஒரு மணத்துக்குப் பின் இன்னொரு மணமாகச் செலுத்தி, எந்தச் செல் எதற்கு மறுமொழி தருகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மறுமொழி தந்த செல்லை உறிஞ்சி எடுத்து, அதற்குள் எந்த ஏற்பி மரபணு திறந்திருக்கிறது என்றும் கண்டறிந்தார்கள். ஒற்றைச் செல்லை வைத்துக்கொண்டு, அது எதை முகர்கிறது என்றும் எதனால் முகர்கிறது என்றும் ஒருசேரக் கேட்ட சோதனை அது.

விடை தெளிவாக வந்தது. ஓர் ஏற்பி பல மணமூலக்கூறுகளை ஏற்கிறது. ஒரு மணமூலக்கூறைப் பல ஏற்பிகள் ஏற்கின்றன. ஆனால் ஒவ்வொரு மணமும் தூண்டும் ஏற்பிகளின் சேர்க்கை தனி. ஆரஞ்சுக்கு ஓர் ஏற்பி, ரோஜாவுக்கு ஓர் ஏற்பி என்று மூக்கில் எதுவும் இல்லை. எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதுபோல, ஏற்பிகள் சேர்ந்து மணமாகின்றன. 'கடல்' என்ற சொல்லில் வரும் எழுத்துகள் 'கல்', 'கடன்' ஆகியவற்றிலும் வரலாம், ஆனாலும் சொற்கள் வேறு. ஆக்டனாலும் ஆக்டனாயிக் அமிலமும் தூண்டும் ஏற்பிகளில் சில பொதுவானவை, சில வேறானவை. அந்த வேறுபாடு போதும், ஒன்று ரோஜாவின் பக்கமும் மற்றது கெட்ட கொழுப்பின் பக்கமும் போவதற்கு.

இதன் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 400 ஏற்பிகளில் ஒவ்வொரு மணமும் மூன்றே மூன்றைத் தூண்டுகிறது என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால்கூட, சாத்தியமான சேர்க்கைகள் 1 கோடியே 5 லட்சத்துக்கும் மேல். உண்மையில் ஒரு மணம் தூண்டும் ஏற்பிகளின் எண்ணிக்கை மாறுபடும். தூண்டலின் வலிமையும் மாறுபடும். மனிதர் 10,000 மணங்களை அறிவர் என்று பழைய புத்தகங்களில் படித்திருப்போம். ஒரு லட்சம் கோடி என்று 2014-இல் ஒரு கணக்கு வந்து, அதன் கணித முறையே கேள்விக்குள்ளானது. இப்படிப்பட்ட ஒற்றை எண்களை நம்பத் தேவையில்லை. எண்ணை விட, அது பெருகும் விதம்தான் முக்கியம்.

இந்தக் கூட்டுக் குறியீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் அன்றாடப் புதிர்கள் பல தாமாக அவிழ்கின்றன. இண்டோல் என்ற பொருள் மிகக் குறைந்த அளவில் பூ மணம் தரும், அதிகமானால் மலவாடை. செறிவு கூடும்போது, முன்பு அசையாதிருந்த ஏற்பிகளும் தூண்டப்பட்டுச் சேர்க்கையே மாறிவிடுகிறது. ஒருவருக்குப் பிடித்த மணம் இன்னொருவருக்குக் குமட்டுவதற்கும் பழக்கம் மட்டுமே காரணம் அல்ல. ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பொருள் சிலருக்குச் சிறுநீர் அல்லது வியர்வை வாடையாகவும், சிலருக்கு வெனிலா போல இனிதாகவும் படும்; சிலருக்கு எதுவுமே தெரியாது. ஒரே ஓர் ஏற்பி மரபணுவில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு இதில் பங்கு உண்டு என்று 2007-இல் காட்டப்பட்டது. ஆகவே, பக்கத்தில் இருப்பவர் "எனக்கு நாற்றம் தாங்கவில்லை" என்று சொன்னால் அவர் மிகைப்படுத்துகிறார் என்று முடிவுகட்ட வேண்டாம்.

கொரோனாக் காலத்தில் பலருக்கு மணம் திடீரென்று அற்றுப்போனது நினைவிருக்கும். வைரஸ் நுழையத் தேவையான ஏசிஇ2 புரதம் முகர்வு நரம்பு செல்களில் அநேகமாக இல்லை. அவற்றைச் சூழ்ந்து தாங்கும் செல்களில் இருக்கிறது. தாங்குபவை சிதைந்ததால் தாங்கப்பட்டவை செயலிழந்தன. மீண்டு வந்த சிலருக்குக் காபி சாக்கடை போல நாறியது. நரம்பு செல்கள் திரும்ப முளைக்கும்போது சேர்க்கையின் ஒரு பகுதி மட்டும் முதலில் திரும்பினால், மூளைக்குக் கிடைப்பது அரைகுறைச் செய்தி. பழகிய மணம் பழகாத வாடையாகிவிடும் என்று பல ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இந்தத் துன்பத்தைக் கற்பனை என்று தள்ளியவர்கள் உண்டு. அது கற்பனை அல்ல. ஏற்பிகளின் மட்டத்திலேயே அதற்குப் பொருத்தமான விளக்கம் இருக்கிறது.

2002-இல் பக் தன் சொந்த ஊரான சியாட்டிலுக்கு, ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்துக்குத் திரும்பினார். 2004-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஆக்ஸலுக்கும் வழங்கப்பட்டது.

குமிழுக்கு அப்பால், முகர்வுப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில் மணத்தின் செய்தியைப் பெறும் பகுதியில், என்ன நடக்கிறது என்பது இதைவிடக் கடினமான கேள்வியாக மாறியது. மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகவே மூளையின் புறணிக்குப் போகும். மணத்தின் செய்தியோ குமிழிலிருந்து நேரே புறணிக்கும், உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் போகிறது. அங்கே ஒவ்வொரு ஏற்பியின் செய்தியும் எங்கே சென்று சேர்கிறது என்று பக்கின் ஆய்வகம் 2001-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டது. பின்னர் அந்த முடிவுகளை அவருடைய ஆய்வகத்தால் மறுபடியும் பெற முடியவில்லை. 2008-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2010-இல் மேலும் இரண்டு. 1991-இன் கண்டுபிடிப்பை இது தொடவில்லை. அது பல ஆய்வகங்களில் பலமுறை உறுதிப்பட்டது. நோபல் பெற்ற ஒருவர் தன் பெயர் தாங்கிய கட்டுரைகளைப் பொதுவெளியில் விலக்கிக்கொள்வது எளிதான காரியம் அல்ல. அதைச் செய்ததை நான் அவருடைய ஆய்வு வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே மதிக்கிறேன். 2011-இல் வேறு பல ஆய்வகங்கள் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஒரு குளோமெருலஸிலிருந்து வரும் செய்தி புறணியின் முதன்மைப் பகுதியில் குறிப்பிட்ட ஒழுங்கு எதுவும் புலப்படாமல் பரவலாகச் சிதறுகிறது. குமிழில் அத்தனை நேர்த்தியாக அமைந்த வரைபடத்தை மூளை அடுத்த படியிலேயே கலைத்துவிடுகிறது.

அச்சம் போன்ற பிறவி மறுமொழிகளுக்கு மட்டும் வேறு வழி இருப்பதாகத் தெரிகிறது. வேட்டை விலங்குகளின் வாடை பட்டால், அந்த விலங்கை ஒருபோதும் பார்த்திராத சுண்டெலிக்குக்கூட மனஅழுத்த ஹார்மோன் சுரக்கும். முகர்வுப் புறணியின் மிகச் சிறிய ஒரு பகுதிக்கு இந்த மறுமொழியில் முக்கியப் பங்கு இருப்பதைப் பக்கின் குழு 2016-இல் கண்டறிந்தது. அந்தப் பகுதியின் செயல்பாட்டை அடக்கினால் வேட்டை விலங்கின் வாடைக்கு ஹார்மோன் எழுச்சி குறைகிறது. ஆனால் அச்ச நடத்தையான உறைந்து நிற்பது தொடர்கிறது. ஆக, பயத்தின் உடல் விளைவும் நடத்தையும் மூளைக்குள் தனித்தனி வழிகளில் போகின்றன.

ஏற்பிகளின் மரபணுக்கள் 1991-இலேயே கிடைத்துவிட்டாலும், மனித மண ஏற்பி ஒன்று தன் மூலக்கூறைப் பற்றியிருக்கும் நிலையின் அமைப்பை அணு அளவில் காண 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் புரதங்களை ஆய்வகச் செல்களில் போதிய அளவு உருவாக்குவதே பெரும்பாடு. முதலில் பிடிபட்டது ஓஆர்51இ2 என்ற ஏற்பி. அது பற்றியிருந்தது புரோப்பியோனேட் என்ற சிறிய மூலக்கூறு. மீதமுள்ள சுமார் 400 ஏற்பிகளில் பெரும்பாலானவை எந்தெந்த மூலக்கூறுகளை ஏற்கின்றன என்ற பட்டியல்கூட இன்னும் முழுமையடையவில்லை. அது நிரம்பும் வரை, ஒரு புதிய மூலக்கூறு எப்படி மணக்கும் என்பதை நிச்சயமாக அறிய, முகர்ந்து பார்ப்பதுதான் வழி.